மின்சாரத்தை நிறுத்தலும் துண்டித்தலும்

செங்கற்பட்டு ஜில்லா ஊரப்பாக்கம் முதலிய கிராமங்களில் வீட்டு விளக்கும் கிணற்று மோட்டாரும் மின்சாரத்தால் இயங்குகின்றன. அதனை நிறுத்துவது வேறு, துண்டிப்பது வேறு என்பதைக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் நன்கறிதல் அவசியம். விளக்கை அணைப்பது நிறுத்தல். பழுது பார்ப்பவன் கை கம்பியில் பட்டாலும் தீங்கு நேராதபடி, மின்சாரம் வரும் வழிகளையெல்லாம் அடைப்பதே துண்டித்தல்.

விளக்கு ஸ்விட்ச்:— வீட்டிற்கு வரும் இரு கம்பிகளுள் பேஸ் கம்பியில் 230 வோல்ட் அழுத்தமுண்டு. நியூட்ரல் கம்பி டிரான்ஸ்பார்மரில் பூமியுடன் இணைக்கப்பட்டது. ஸ்விட்சை நியூட்ரலில் அமைத்தாலும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டர் வரையில் மின்சாரம் நின்றுகொண்டேயிருக்கும். ஈரத்தரையில் நின்று பல்பு மாற்றுபவனது உடலே அது பூமிக்குச் செல்லும் வழியாகிவிடும். ஆகையால் தனி ஸ்விட்சும் பியூஸும் பேஸ் கம்பியிலேயே இருத்தல் வேண்டும்.

மெயின் ஸ்விட்ச்:— இது பேஸையும் நியூட்ரலையும் ஒரே பிடியால் ஒருங்கே துண்டிக்க வேண்டும். நியூட்ரலில் தனி ஸ்விட்ச் கூடாதென்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 32-ஆவது விதி கூறிற்று. மெயின் ஸ்விட்ச் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அதன் முன்பு நெல் மூட்டைகளை அடுக்கலாகாது.

கிணற்று மோட்டார்:— ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் நிற்கும். ஸ்டார்ட்டருக்கு வரும் கம்பிகளிலோ மின்சாரம் இருக்கும். தானியங்கி ஸ்டார்ட்டராயின், தடைப்பட்ட மின்சாரம் திரும்பியவுடன் மோட்டார் தானே ஓடத் தொடங்கும். அச்சமயம் பெல்ட்டிலோ கம்பியிலோ கை வைத்திருப்பவன் கதி என்னாகும்! எனவே மூன்று பேஸ்களையும் ஒருங்கே துண்டிக்கும் ஸ்விட்சு ஒன்று மோட்டாருக்கு அருகில், கண்ணுக்குத் தெரியுமிடத்தில் வேண்டும்.

பழுது பார்க்குமுன் செய்ய வேண்டியவை:—

1. மெயின் ஸ்விட்சை நிறுத்துக.
2. பியூஸ் கட்டைகளைக் கழற்றி, வேலை செய்பவனே தன்னிடம் வைத்துக்கொள்க. பெட்டிக்குப் பூட்டு இருப்பின் பூட்டுக.
3. இன்வர்ட்டர் உள்ள வீட்டில் அதனையும் துண்டிக்க. மெயினை நிறுத்தியதும் பாட்டரியின் மின்சாரம் அதே விளக்குக் கம்பிகளில் பாயும்.
4. டெஸ்டரை மின்சாரம் உள்ள வேறோரிடத்தில் முதலில் சோதித்து, பின்னர் வேலை செய்யுமிடத்தில் வைத்துப் பார்க்க.

வடகிழக்குப் பருவமழையில் சுவரும் கிணற்றடியும் ஈரமாவதால் அபாயம் மிகும். ஆதலின் புரட்டாசிக்குள் உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு ஸ்விட்சுகள் எக்கம்பியில் உள்ளன என்று சோதிப்பித்து, தவறானவற்றை மாற்றிக்கொள்க. கிராம உத்தியோகஸ்தர்கள் பொதுக் கிணற்று மோட்டார்களையும் இவ்வாறே சோதிப்பித்தல் நலம்.