சின்ன விமானமா, பெரிய விமானமா?

சங்க விழாக்களில் என்னைச் சந்திக்கும் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது: "பையன் பைலட் லைசென்ஸ் வாங்கிட்டான் சார். ஏ.டி.ஆர்.ல வேலை வருது. சேர்ந்துடலாமா, இல்லே ஏர்பஸ்ஸுக்குக் காத்திருக்கலாமா?" ஹைதராபாத்தில் இருந்துகொண்டு பல வருடங்களாக ஏ.டி.ஆர். ஓட்டி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விமானத்தைப் பார்ப்போம். ஏ.டி.ஆர். 72, பிரான்சின் தூலூஸ் நகரில் தயாராவது. இறக்கைகளில் இரண்டு பெரிய விசிறிகள் சுழல்வதால் பலரும் 'பழைய காலத்து பிளேன்' என்று நினைக்கிறார்கள். அந்த விசிறியைச் சுழற்றுவதும் டர்பைன் இன்ஜின்தான். வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அதிகபட்ச உயரம் 25,000 அடி. ஏர்பஸ் ஏ320 மணிக்கு 800 கிலோமீட்டரைத் தாண்டும், 39,000 அடி வரை ஏறும். அதில் ஏறத்தாழ 180 பேர் உட்காரலாம். இதில் 70 முதல் 78 பேர் வரை.

அதென்ன கணக்கு 78? உள்நாட்டுச் சேவையில் 80 இருக்கைகளுக்குக் குறைவான விமானங்களுக்கு இறங்கு கட்டணம் இல்லை என்று நம் நாட்டில் ஒரு சலுகை உண்டு. 78 அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. சின்ன ஊர்களுக்கு விமானம் விடுவது கட்டுப்படியாவதற்கு இதுவும் ஒரு காரணம். தூத்துக்குடி ஓடுபாதை சுமார் 1,350 மீட்டராக இருந்த காலத்தில் சென்னையிலிருந்து அங்கே போய் வந்தது இந்த வகை விமானம்தான். 2017 ஏப்ரல் 27-இல் உடான் திட்டத்தின் முதல் விமானமாக சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்ததும் இதன் தம்பி, ஏ.டி.ஆர். 42.

சரி, வேலைக்கு வருவோம். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருந்தால் போதும். ஆனால் கேப்டனாக உட்கார ஏ.டி.பி.எல். என்ற உயர்நிலை லைசென்ஸ் வேண்டும். அதற்கு 1,500 மணி நேரம். இடையில் 1,300 மணி. வருடத்துக்கு 650 மணி பறந்தால் இரண்டு வருடம் என்று வையுங்கள். 'பெரிய விமானம்தான் வேணும்' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இந்த மணிக்கணக்கு ஏறுவதே இல்லை. கை பழக்கமும் விட்டுப்போகும்.

அடுத்தது சீனியாரிட்டி. இதைத்தான் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. அரசாங்க உத்தியோகம் போலவே, விமானக் கம்பெனியிலும் சேர்ந்த தேதிப்படி ஒரு வரிசை உண்டு. கேப்டன் பதவி, எந்த ஊரில் வேலை, எந்த மாதம் லீவு, எல்லாம் பெரும்பாலும் அந்த வரிசைப்படிதான். கம்பெனி மாறினால் மணிக்கணக்கு கூட வரும். வரிசை எண் கூட வராது. கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். விமான வகை மாறினால் அதற்கென்று தனியாக டைப் ரேட்டிங்கும் எடுக்க வேண்டும். வகுப்பு, சிமுலேட்டர், பரீட்சை என்று வாரக்கணக்கில் போகும், லட்சக்கணக்கில் செலவு. கம்பெனி செலவு செய்தால் பாண்டு எழுதி வாங்கும்.

ஏ.டி.ஆரில் என்ன லாபம்? ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குகிறோம். மழை மேகத்துக்கு மேலே போய்த் தப்பிக்க முடியாது. சுற்றித்தான் போக வேண்டும். பனி படியும் உயரத்திலேயே வேலை. 1994-இல் அமெரிக்காவின் ரோஸ்லானில் 68 பேரைப் பலிகொண்ட ஏ.டி.ஆர். விபத்துக்கு இறக்கையில் படிந்த பனிதான் காரணம். அதனால் வானிலையைப் படிக்கும் கண் தானாகவே வந்துவிடும். நஷ்டமும் உண்டு. பொதுவாக ஜெட் கேப்டனை விடச் சம்பளம் குறைவு. சில வெளிநாட்டுக் கம்பெனிகள் ஜெட் அனுபவத்தைத் தனியாகக் கேட்கின்றன.

ஆனால் ஜெட் என்றாலே பத்திரம் என்பதும் இல்லை. நம் மதுரைக்காரர்கள் பெருமையோடு பேசிய பாராமவுண்ட், 2005-இல் எம்ப்ரேயர் ஜெட்டுகளோடு தொடங்கி, 2010-இல் நின்றுபோனது. அன்றைக்கு இந்தியாவில் அந்த வகை விமானம் வைத்திருந்த கம்பெனிகள் மிகக் குறைவு. ஏர்பஸ் மட்டுமே ஓட்டிய கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. அங்கிருந்த விமானிகளுக்கோ அதே வகையில் வேலை தேட வேறு வாசல்கள் இருந்தன. ஆகவே உங்கள் ரேட்டிங்குக்கு நாட்டில் எத்தனை வாசல் என்று பார்ப்பது முக்கியம்.

சேருவதற்கு முன் பையனோ பெண்ணோ மூன்று கேள்விகள் கேட்கட்டும். இங்கே கேப்டனாக எத்தனை வருடம் ஆகிறது? இதே கம்பெனியில் ஜெட்டுக்கு மாற வழி உண்டா, மாறினால் என் வரிசை எண் என்ன ஆகும்? பாண்டு எத்தனை வருடம்? ஏ.டி.ஆரும் ஏர்பஸ்ஸும் சேர்த்து வைத்திருக்கும் இண்டிகோ போன்ற இடத்தில் இரண்டாவது கேள்விக்கு மதிப்பு அதிகம்.

இந்த மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால், என் அபிப்பிராயம், கையில் இருக்கும் ஏ.டி.ஆரை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கல்யாணப் பேச்சில் 'பெரிய பிளேன்' என்று சொல்லிக்கொள்வது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆளை விமானியாக்குவது இருக்கைகளின் எண்ணிக்கை அல்ல. இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து, 'இன்று இறங்க வேண்டாம், திரும்பிப் போவோம்' என்று தானே முடிவெடுத்த நாட்கள்தான். அந்த இருக்கை எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ, அங்கே போகச் சொல்லுங்கள்.