ஸ்காட்லாந்து வடகரை: வண்டியை எடுக்கும் முன் படியுங்கள்

கோடை வந்தால் கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் வடகரைக்குக் கிளம்பும் குடும்பங்கள் பெருகிவிட்டன. லண்டன் தமிழர்களும் அதில் உண்டு. இன்வர்னஸில் தொடங்கி அங்கேயே முடியும் ‘நார்த் கோஸ்ட் 500’ சுற்றுப்பாதை ஏறத்தாழ 516 மைல். 2015-இல் அதை அறிமுகப்படுத்தி ஊரெல்லாம் விளம்பரம் செய்தார்கள். கூட்டத்தை அழைப்பதில் காட்டிய அக்கறையை விதிகளைச் சொல்வதில் காட்டவில்லை. வருகிறவர்களும் கேட்பதில்லை.

‘ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம்’ என்பது பாதி உண்மை. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் உரிமை, நடந்தோ சைக்கிளிலோ போய்ச் சிறு கூடாரம் போடுகிறவர்களுக்கானது. மோட்டார் வண்டிக்கு அது பொருந்தாது. அனுமதியில்லாமல் சாலையை விட்டு நிலத்தில் வண்டி ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். நிறுத்துவதற்காக மட்டும் 15 கெஜத்துக்குள் ஒதுங்கினால் அந்தக் குற்றம் வராது; ஆனால் அங்கே இரவு தங்கும் உரிமையும் வராது. ஒற்றைத்தடச் சாலைகளில் உள்ள ஒதுங்கிடங்கள் எதிர்வண்டிக்கு வழிவிடத்தான். அங்கே வண்டியைப் போட்டுத் தூங்குகிறவர்கள், ஆம்புலன்ஸும் அதே சாலையில்தான் வரவேண்டும் என்பதை நினைக்க வேண்டும். டர்னஸ், டன்னட் போன்ற இடங்களில் முறையான முகாம்கள் இருக்கின்றன. முன்பதிவு செய்யுங்கள். கழிவறைத் தொட்டியை அங்கே அதற்கென உள்ள இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள்.

அடுத்தது உயிர் பிரச்சினை. ஜூலையிலும் இங்கே இரவு குளிரும். சமைத்து முடித்த கரி அடுப்பைச் சூட்டுக்காகக் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ எடுத்துவைக்கிறார்கள். சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கூடாரத்தின் வாசலைத் திறந்துவைத்தாலும் போதாது. தலைவலி, குமட்டல், மயக்கம் தெரிந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்து 999-ஐ அழையுங்கள். ‘இ.என். 50291-2’ என்று குறித்த அலாரம் வண்டியில் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். கரி அடுப்பு வெளியேதான் இருக்க வேண்டும், அணைந்த பிறகும்.

இனி, பணம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘இந்தக் கீறல் உங்களால்தான்’ என்று டெபாசிட்டில் கைவைப்பது அடிக்கடி நடக்கிறது. அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கும் ஊழியருக்காக அவசரப்படாதீர்கள். கூரை, பக்கப் பந்தல், டயர், முன்கண்ணாடி, பம்பரின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். பழைய சேதங்களைப் படிவத்தில் எழுதவைத்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே வீடியோ வேண்டும்.

பிரிட்டனில் வழங்கப்பட்ட கிரெடிட் கார்டில் கட்டினால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. வாடகை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், ஒப்பந்தத்தை மீறிய நிறுவனத்தோடு கார்டு நிறுவனமும் பொறுப்பு. முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் போதும். ஆனால் கார்டு யார் பெயரிலோ ஒப்பந்தமும் அவர் பெயரில் இருக்கட்டும். இடைத்தரகர் வழியாகக் கட்டினால் இந்தப் பாதுகாப்பு போய்விடலாம். டெபிட் கார்டுக்கு இந்தச் சட்ட உரிமை கிடையாது.

முதலில் வாடகை நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசிப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. சரிவராவிட்டால் ஒப்பந்தம், ரசீது, வீடியோ ஆகியவற்றோடு ‘75-ஆம் பிரிவுக் கோரிக்கை’ என்று தலைப்பிட்டுக் கார்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் மறுத்தாலோ, 8 வாரத்தில் இறுதிப் பதில் வராவிட்டாலோ, ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் சர்வீஸிடம் கட்டணமின்றி முறையிடலாம். இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் போகவேண்டும். வாடகை நிறுவனம் ஸ்காட்லாந்தில் இருந்தால், 5,000 பவுண்டு வரையிலான வழக்கை ஷெரிஃப் நீதிமன்றத்தில் ‘சிம்பிள் புரொசீஜர்’ முறையில் வக்கீல் இல்லாமலே தொடுக்கலாம்.

கடலில் ஆபத்தென்றால் 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்ட் என்று கேளுங்கள். சிக்னல் பலவீனமான கரை இது. குறுஞ்செய்தியில் உதவி கேட்க முன்பதிவு தேவை. ஆங்கிலத்தில் ‘ரெஜிஸ்டர்’ என்று எழுதி 999-க்கு வீட்டிலிருந்தே அனுப்பிவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: டெபாசிட் போனால் மீட்க நான்கு படிகள் இருக்கின்றன. கரி அடுப்பை உள்ளே வைத்துவிட்டுத் தூங்கினால், முறையிட ஆளே இருக்கமாட்டார்கள்.