திருக்காவலூரும் மறுப்பு உரைநடையும்: வீரமாமுனிவரின் சமயக் காப்பு நூல்கள்

பாடாலூருக்குத் தென்கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் (1680–1747) அங்கு அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி அவ்வூரைத் திருக்காவலூர் என வழங்கினார். கலம்பகத்தின் வழியாகவே இலக்கிய உலகம் இவ்வூரை மிகுதியும் அறியும். ஆயினும் முனிவரின் உரைநடை நூல்கள் சில வேறொரு காவலை நோக்கமாகக் கொண்டவை. அவை பிற சமயத்தாரை நோக்கி எழுந்தவை அல்ல. கிறித்தவத்தின் உள்ளிருந்தே வந்த மாற்றுக் கொள்கையிலிருந்து கத்தோலிக்க மக்களைக் காக்க எழுந்தவை.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர்தம் லுத்தரன் தோழரும் சில ஆண்டுகளில் தமிழ் அச்சுப்பணியைத் தொடங்கினர். அவர்தம் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714–15இல் வெளிவந்தது. தமிழின் முதல் அச்சு நூல்களுள் ஒன்றான தம்பிரான் வணக்கத்தை 1578இல் கத்தோலிக்கரே வெளியிட்டிருந்தனர். ஆனால் முனிவர் காலத்து மதுரை மிஷனிடம் அச்சகம் இல்லை. அச்சேறிய தாள்களை ஓலைச்சுவடிகளால் எதிர்கொள்ள வேண்டிய நிலையே அவருக்கு வாய்த்தது.

சுவடியைக் கொண்டுசெல்வோர் யார் என்பது இங்குக் கருதத்தக்கது. குருமார் ஆண்டுக்கு ஓரிரு முறையே செல்லக்கூடிய ஊர்களில் மக்களை வழிநடத்தியவர் உபதேசியார். அவரையே முனிவர் வேதியர் என்றார். அந்தணரைக் குறித்த ஒரு சொல் இவ்வாறு புதுப்பொருள் ஏற்றது. ‘வேதம்’ என்பதும் அவ்வழக்கில் மறைநூலை மட்டுமன்றிச் சமயத்தையும் சுட்டிற்று. வேதியர் பிறழ்ந்தால் ஊரே பிறழும். அவர்தம் வாழ்வை நெறிப்படுத்த 1727இல் வேதியர் ஒழுக்கமும், மாற்றார் கொள்கையை மறுக்க 1728இல் வேத விளக்கமும் எழுந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் தோன்றிய இவ்விரண்டையும் ஒரே முயற்சியின் இரு கூறுகளாகக் கொள்வதே பொருந்தும். முன்னது காவலனைப் பயிற்றுகிறது; பின்னது அவன் கையில் வாதத்தைக் கொடுக்கிறது.

பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்பனவும் இவ்வகையினவே. ‘பேதகம்’ என்னும் சொற்றேர்வு நுட்பமானது. அது எதிர்த்தரப்பைப் பொய்ச்சமயம் என்னாமல், ஒன்றாயிருந்ததைப் பிளந்த செயலாகக் காட்டுகிறது. இராபர்ட் தெ நொபிலியின் தூஷண திக்காரத்தில் எதிராளி புறத்தே நிற்கிறார். எனவே அங்குப் பொதுவான தருக்கமே துணை. முனிவரின் எதிராளியோ அதே விவிலியத்தைக் கையில் ஏந்தியவர். மறைநூல் மட்டுமே போதும் என்போருக்கு, அம்மறைநூலைக் காத்துப் பொருளுரைக்கும் உரிமை திருச்சபைக்கே உண்டு என விடையிறுக்க வேண்டியிருந்தது. மரியன்னை வணக்கமும் இப்பூசலில் அடங்கும். அடைக்கல மாதாவின் ஊரில் இது ஏட்டளவில் நின்ற வாதம் அன்று.

செய்யுளில் தேம்பாவணி பாடியவர் இங்கு உரைநடையை மேற்கொண்டது, கேட்போர் உடனே பற்றிக்கொள்ள வேண்டும் என்பதனாலேயே. தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழையும் அவர் கடிந்தார். கொள்கைப் பிழையோடு மொழிப்பிழையையும் சேர்த்துக் குற்றம் சாட்டியது சற்றே மிகையெனினும், சமயப்பூசல் மொழித்திறனை அளவுகோலாகக் கொண்டமைக்கு இது நல்ல சான்று. எதிர்த்தரப்பு அவர் புலமையை மறுக்கவில்லை. கொடுந்தமிழ் குறித்து முனிவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் அச்சேறியது தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்திலேதான்.