நடுவழியில் நிறுத்தும் புரதம்

தேவ்நார், கோவண்டி, மான்கூர்ட் வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களுக்குக் காசநோய் என்ற சொல் புதியதன்று. அந்நோய்க்குத் தரப்படும் மருந்துகளுள் ரிஃபாம்பிசின் முதன்மையானது. சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் மருந்து என்றால் பலருக்கும் உடனே நினைவு வரும். அது கிருமிக்குள் எதைத் தாக்குகிறது, அதையடுத்துத் தாக்கத்தக்க இடம் எது என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும். அடியேன் உயிரியல் படித்தவனல்லன். பொறியியல் டிப்ளமாவுடன் ரயில்வேயில் பணி செய்து ஓய்வு பெற்றவன். ஆகவே நமக்குப் பழக்கமான இருப்புப்பாதையைக் கொண்டே விளக்குகிறேன்.

உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் மூல ஏடு இருக்கிறது. அதில் ஒரு புரதத்துக்கான குறிப்பு அடங்கிய பகுதியே மரபணு. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் பொறி அக்குறிப்பை நகலெடுக்கிறது. அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. ரைபோசோம் என்னும் மற்றொரு பொறி நகலைப் படித்துப் புரதத்தைக் கட்டுகிறது. நம் உடலில் நகலெடுப்பது உட்கருவிலும், படிப்பது அதற்கு வெளியிலும் நடைபெறுகின்றன. பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. எனவே நகல் முடியுமுன்பே படிப்பும் தொடங்கிவிடும். முன்னே ஒரு பொறி தண்டவாளத்தை இட்டுக்கொண்டே செல்ல, பின்னாலேயே வண்டி ஓடி வருவது போன்றது இது. ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவில் பாலிமரேஸ் நொடிக்கு 40 முதல் 50 எழுத்துகள் நகலெடுக்கிறது. ரைபோசோம் நொடிக்குச் சுமார் 15 அமினோ அமிலங்களைச் சேர்க்கிறது. ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்துகள் என்பதால் அதுவும் ஏறத்தாழ 45 எழுத்துகள்தான். இரண்டின் வேகமும் ஒத்திருப்பதைக் கவனியுங்கள்.

பின்னால் வரும் வண்டி நின்றுவிட்டால் என்னவாகும்? தண்டவாளம் மட்டும் வெறுமையாக நீண்டுகொண்டே போகும். உதவாத நகலை எடுப்பதில் பொருளும் ஆற்றலும் வீண். இதைத் தடுக்கும் காவலர்தான் ரோ என்னும் புரதம். 1969-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ராபர்ட்ஸ் இதைக் கண்டறிந்தார். ஒரே வகையான ஆறு துண்டுகள் சேர்ந்து வளையமாக அமைந்த இப்புரதம், ரைபோசோம் மூடாத வெற்று ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, முன்னே செல்லும் பாலிமரேஸை நிறுத்திவிடுகிறது. ரோ பின்னாலிருந்து ஓடிவந்து பிடிக்கிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அது தொடக்கத்திலேயே பாலிமரேஸுடன் ஒட்டிப் பயணம் செய்யக்கூடும் என்று 2021-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

வீணைத் தடுப்பது மட்டுமன்று, மரபணுவைத் தேவைக்கேற்ப இயக்கவும் பாக்டீரியா இவ்வழியைக் கையாள்கிறது. சால்மோனெல்லா கிருமியில் மெக்னீசியத்தை உள்ளே கொண்டுவரும் புரதத்துக்கென ஒரு மரபணு உண்டு. மெக்னீசியம் போதுமான அளவு இருக்கும்போது, அம்மரபணுவின் ஆர்.என்.ஏ. முனை ரோ பற்றுவதற்கு ஏற்றவாறு மடிகிறது. நகல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். மெக்னீசியம் குறைந்தால் மடிப்பு மாறும், ரோவுக்குப் பிடி கிடைக்காது, நகல் கடைசி வரை செல்லும். தொடங்கிய பின்னும் நடுவழியில் நிறுத்தும் இந்த ஏற்பாடு வியப்புக்குரியது.

இத்துறையில் நம் நாட்டவரின் பங்கும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, பின்னர் ஹைதராபாத்தில் ஆராய்ச்சி செய்த ஜெ. கௌரிசங்கர், ஆர். ஹரிநாராயணனுடன் சேர்ந்து 2004-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வெறுமையாக நீளும் ஆர்.என்.ஏ., தான் பிறந்த டி.என்.ஏ.வுடனேயே திரும்ப ஒட்டிக்கொண்டு முடிச்சுப் போலாகிவிடும். அது உயிரணுவுக்கே கேடு. ரைபோசோம் நெருங்கிப் பின்தொடர்வதும், ரோ காவல் நிற்பதும் அந்த ஆபத்தைத் தவிர்க்கவே என்பது அவர்கள் கருத்து.

இனிக் காசநோய்க்கு வருவோம். ரிஃபாம்பிசின் தாக்குவது அந்தப் பாலிமரேஸைத்தான். அதன் உள்ளே சென்று ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்று எழுத்துகளுக்கு மேல் நகலை நீளவிடாது. ஆனால் மருந்து ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறிய கிருமி தப்பிவிடும். மருந்துக்கு அடங்காத காசநோய் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது. எனவே வேறு இலக்கு தேடவேண்டியுள்ளது. காசநோய்க் கிருமியில் ரோவைக் குறைத்துவிட்டால் அது விரைவில் மடிகிறது என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. ரோவைத் தடுக்கும் பைசைக்ளோமைசின் என்ற மருந்து 1972 முதலே அறியப்பட்டதுதான். எனினும் காசநோய்க் கிருமியின் ரோவில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் அம்மருந்து அங்கே பொருந்துவதில்லை. பொருந்தும் மருந்தை இனித்தான் உருவாக்க வேண்டும்.

அதுவரை கையிலிருக்கும் மருந்தைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து மாநகராட்சி மருத்துவ நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டே மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிடும். அத்துடன் மாத்திரையை விட்டுவிடுவோர் உண்டு. எஞ்சியிருக்கும் கிருமிகளுக்கு அப்போதுதான் இடம் கொடுக்கிறோம். ஊருக்குப் போவதானாலும் மருந்தை உடன் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் யாரேனும் மருந்து உண்பவராயின் மருத்துவர் சொன்ன கடைசி நாள் வரை அவர் அருகிலிருந்து நினைவூட்டுங்கள்.