இடம் மாறிய கற்றளியும் மிளகுக் கடைகளும்

மாத்தளை மாவட்டத்துக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் சிகிரியாவையும் தம்புள்ளைக் குகைக் கோயிலையும் கண்டதும் திரும்பிவிடுவதால், மாவட்டத்தின் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டியுள்ள லக்கல பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. மொரகஹகந்த–களுகங்கைத் திட்டத்தின் நீர்த்தேக்கம் பழைய பல்லேகம நகரை விழுங்கிக்கொண்டமையால், இன்று லக்கல என்று காணப்படும் நகரம் அண்மைக் காலத்தில் வேறிடத்தில் கட்டியெழுப்பப்பட்டதாகும். பழைமையைத் தேடும் பயணத்தைப் புத்தம்புதிய நகரொன்றிலிருந்து தொடங்குவது முரணாகத் தோன்றினாலும், இப்பயணத்தில் காணவிருக்கும் மிகச் சிறந்த சின்னத்தின் வரலாறும் இத்தகையதே.

லக்கலவிலிருந்து இலுக்கும்புர, பிட்டவல பத்தன புல்வெளி, காற்று ஓயாத ரிவஸ்டன் மேடு, ரத்தோட்டை ஆகியவற்றைக் கடந்து பாதை மாத்தளையில் இறங்குகிறது. கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து மலையகத்துக்குள் நுழைந்த வாயில் இந்நகரமே. அதனை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. 1852இல் கொடையாகக் கிடைத்த வயல் நிலத்தில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியுடன் 1874இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராசகோபுரம் ஏ9 வீதியில் வருவோருக்குத் தொலைவிலேயே தெரியும். தமிழருக்கு எதிரான 1983 வன்செயலில் இக்கோயில் சேதமுற்றதையும் பார்வையாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

வடக்கே சிறிது தூரத்திலுள்ள அலுவிகாரை, வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த பௌத்தத் திருநூல் தொகுதியான திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடமாகப் போற்றப்படுகிறது. 1848 கிளர்ச்சியின்போது பிரித்தானியப் படையினர் விகாரையைப் பாழ்படுத்தியதால், இன்று அங்குள்ள கட்டடங்களுள் பல பிற்காலத்தவை.

ஒரு நாளில் ஓரிடத்தில் மட்டுமே நின்று நிதானிக்க முடியுமாயின், அது மேலும் வடக்கேயுள்ள நாலந்த கெடிகேயாகவே இருக்கட்டும். கருவறை, அதன் முன் மண்டபம், மேலே விமானம், அதில் முகங்கள் எட்டிப்பார்க்கும் கூடு எனப்படும் குதிரைலாட வளைவுகள் என முழுவதும் கல்லாலான இக்கற்றளி, மாமல்லபுரத்தைக் கண்டவர்க்கு உடனே பல்லவர் மரபை நினைவூட்டும். எனினும், கி.பி. 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இது பௌத்த வழிபாட்டிடமாகும். விமானத்தின் தென்புறத்தில் குபேரன் அமர்ந்திருக்க, அடித்தளத்தில் தாந்திரிக மரபின் சாயல் கொண்ட சிற்பங்கள் தேய்ந்து கிடப்பதால், மகாயான பௌத்தமும் இந்து மரபும் இங்கு எவ்வாறு கலந்தன என்பது ஆய்வாளரின் வாதப்பொருளாக நீடிக்கிறது. மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த இக்கோயில், 1970களில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டில் மீண்டும் அடுக்கப்பட்டது. வயல்களின் நடுவே நின்றது இன்று நீர்ப்பரப்பின் ஓரத்தில் நிற்கிறது.

திரும்பும் வழியில் ஏ9 வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்கள் பயணிகளை வரவேற்கின்றன. ஏலம், கராம்பு, சாதிக்காய், கறுவா ஆகியவற்றைச் செடியிலேயே காண்பதற்கு அவை ஏற்றவை. வாங்குவதற்கு மாத்தளை நகரக் கடைகளே மேல். சுற்றுவட்டார வீட்டுத்தோட்டங்களில் மரங்களில் படரவிட்ட கொடிகளின் மிளகே இந்நகர வணிகத்துக்கு ஆதாரமாகும். ஒரே அளவு கொள்கலத்தில் எடை மிகுந்து நிற்கும் மணி தரமானதாக மதிக்கப்படுகிறது. முற்றாத இலேசான மணி எண்ணெய் வடிப்போரிடம் செல்கிறது.