முருங்கை: காயும் கீரையும்

காஞ்சிபுரத்தில் குழித்தறியில் அமர்ந்து பட்டும் சரிகையும் நெய்வோர்க்குக் கண்ணே முதற்கருவி. கண்ணுக்கு இன்றியமையாத வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் நோய் தோன்றும். கீரை, காய்களிலுள்ள கரோட்டினிலிருந்து உடல் அதனை ஆக்கிக்கொள்கிறது. முருங்கையில் காயை விலைகொடுத்து வாங்குகிறோம். கீரையோ அண்டை வீட்டார் கேட்டால் விலையின்றி ஒடித்துத் தரப்படுவது. சத்துக்கணக்கு இதற்கு நேர்மாறானது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, 100 கிராம் காயில் கரோட்டின் 110 மைக்ரோகிராம், கீரையில் 6780. சுண்ணாம்புச்சத்து காயில் 30 மில்லிகிராம், கீரையில் 440. வைட்டமின் சி மட்டும் காயிலும் குறைவன்று. 120 மில்லிகிராம் உண்டு. ஆயினும் சாம்பாரில் நெடுநேரம் கொதிக்கையில் அதில் ஒரு பகுதி அழிந்துவிடும். கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆதலின் கீரையைச் சிறிது எண்ணெயில் வதக்கி, தேங்காய்த்துருவல் சேர்த்து உண்பதே தக்கது.