கடைசிக் குழந்தையும் ஏறிவிட்டதா?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால், "இம்முறை எங்கே போகலாம்?" என்ற கேள்வி ஒவ்வோர் இல்லத்திலும் எழுகின்றது. பிள்ளைகளோடு வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, வழியிலுள்ள ஊர்களில் தங்கித் தங்கிப் பார்த்து வருவது குடும்பத்திற்கு இனிமையானதே. ஆனால் அத்தகைய பயணத்தை எவ்வாறு திட்டமிடக் கூடாது என்பதை, தஞ்சையிலிருந்து நாகைக்குச் செல்லும் சாலையில் ஒரு மே மாத மாலையில் நான் கற்றுக்கொண்டேன். மற்றப் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று அதனை மறைக்காமல் எழுதுகிறேன்.

உறவினராகிய மூன்று குடும்பத்தினர் இரண்டு வேன்களில் திருச்சியிலிருந்து புறப்பட்டோம். பெரியவர் எட்டுப் பேர். சிறுவர் ஆறு பேர். கல்லணை, பூண்டி, தஞ்சை, நாகூர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார் ஆகிய ஏழு இடங்களையும் இரண்டே நாளில் பார்த்துத் திரும்புவதாகத் திட்டம். தாளில் எழுதியபோது அது அழகாகவே இருந்தது. முதல் நாள் மாலைக்குள் இரண்டு மணி நேரம் பின்தங்கிவிட்டோம். சாலையோரக் கடையொன்றில் தேநீர் அருந்த இறங்கினோம். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அனைவரையும் விரட்டி வண்டியில் ஏற்றியவன் நானே.

சிறிது தூரம் சென்றபின் ஓர் இரயில்வே கேட்டில் இரு வண்டிகளும் நின்றன. எங்கள் நான்கு வயது மகனுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக என் மனைவி இறங்கிப் பின் வண்டிக்குச் சென்றாள். அவன் அங்கே இல்லை. சித்தியின் பிள்ளைகளோடு பின் வண்டியில் இருக்கிறான் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். பெற்றோருடன் முன் வண்டியில் இருக்கிறான் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள்.

திரும்பிச் சென்ற வழியெல்லாம் வண்டியில் எவரும் பேசவில்லை. கடைக்காரரின் மனைவி அவனைத் தம் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு பன் கொடுத்திருந்தார். கடைக்குப் பின்னால் கட்டியிருந்த கன்றைப் பார்க்கப் போயிருக்கிறான். அதுவரை அழாதிருந்தவன், தாயைக் கண்டதும் அழுத அழுகை இன்றும் என் காதில் ஒலிக்கின்றது.

பாஸ்காத் திருவிழா முடிந்து யெருசலேமிலிருந்து திரும்புகையில், பன்னிரண்டு வயதினரான இயேசு உடன் வரும் கூட்டத்தில் இருப்பார் என்று கருதி, மரியன்னையும் சூசையப்பரும் ஒரு நாள் வழி நடந்துவிட்டதை லூக்கா நற்செய்தி கூறுகின்றது. அன்பில் குறைவற்ற அப்பெற்றோருக்கே அது நேர்ந்தது. சுற்றம் பெருகப் பெருக, "யாருடனாவது இருப்பான்" என்ற எண்ணமும் பெருகுகின்றது. பெரியவர்கள் எட்டுப் பேர் இருந்தும், அவனைக் கவனிப்பது இன்னார் பொறுப்பு என்று நாங்கள் வரையறுக்கவில்லை. இடங்களை எண்ணினோம், பிள்ளைகளை எண்ணவில்லை.

இடங்களைக் குறைத்தோம்

மறு ஆண்டு அதே வழியில் மூன்று நாள் பயணமாகச் சென்றோம். நாகூரையும் பூம்புகாரையும் விட்டுவிட்டோம். அவை எங்கும் போய்விடவில்லை. இன்னொரு விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் நாள் விடியற்காலையில் புறப்பட்டு, ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள கல்லணையை வெயில் ஏறுமுன் அடைந்தோம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கரிகால் சோழன் கட்டியது என்று சொல்லிக் காட்ட, அது பிள்ளைகளுக்கு நல்ல இடம். ஆயினும் வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, காவிரியில் நீர் வரும் காலத்தில் மதகுகளின் அருகே பிள்ளைகளைக் கையைப் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே நீராட விடலாகாது. பின்னர்த் திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பூண்டி சென்றோம். வீரமாமுனிவரின் நினைவோடு இணைந்த அம்மாதா ஆலயம் 1999இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

தஞ்சையில் பகலுணவு முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்தோம். 1010இல் இராசராசன் கட்டி முடித்த பெரிய கோவிலுக்கு மாலையில்தான் சென்றோம். முந்தைய ஆண்டு நண்பகலில் போய், கருங்கல் தரையில் பிஞ்சுக் கால்கள் சுட்டு, ஆறு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியது நினைவிருந்தது.

இரண்டாம் நாள் ஒரே ஒரு பயணந்தான்: திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். காலையிலேயே போய்ச் சேர்ந்ததால் ஆலயத்தில் அமைதியாக வேண்டுவதற்கும் மாலையில் கடலைப் பார்ப்பதற்கும் பொழுது இருந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை பல உயிர்களைக் கவர்ந்த கரை அது. மற்ற நாளிலும் அலையருகே ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழா நாள்களில் சாலையெங்கும் நடைப்பயணிகள் நிறைந்திருப்பார்கள். கைக்குழந்தையோடு செல்வோர் வேறு நாளைத் தேர்ந்துகொள்வது நலம்.

மூன்றாம் நாள் காரைக்கால் வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் தரங்கம்பாடி. தானியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையும், 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட வரலாறும் மூத்த பிள்ளைகளுக்குப் பாடமாக அமையும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அங்கிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சை வழியாகத் திருச்சிக்கு 160 கிலோமீட்டர் அளவு ஆகின்றது. பிள்ளைகளும் ஓட்டுநரும் களைத்துப்போன கடைசி நாளில்தான் நெடுவழி எஞ்சி நிற்கின்றது. ஆகையால் நண்பகலுக்கு முன்பே புறப்பட்டுவிட்டோம். இயலாதவர்கள் கும்பகோணத்தில் ஓரிரவு தங்கலாம்.

வரைபடம் இரண்டு மணி நேரம் என்று காட்டினால், சிறுபிள்ளைகளோடு செல்வோர் மூன்று மணி என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை கால்மணி நேரமாவது நிறுத்துவது பிள்ளைகளுக்கும் நல்லது, ஓட்டுநருக்கும் நல்லது.

சிற்றுடல் தாங்குமா?

இரண்டு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே பயணத்தில் குமட்டல் மிகுதி. அசைவைச் செவியின் உட்பகுதி உணர்கின்றது. கையிலுள்ள புத்தகத்தையோ கைப்பேசியையோ பார்க்கும் கண் அதை உணர்வதில்லை. இம்முரண்பாடே குமட்டலுக்குக் காரணம். எனவே தொலைவிலுள்ள மரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சன்னலைத் திறந்து காற்று வரவிடுங்கள். புறப்படுமுன் இட்லி போன்ற எளிய உணவு போதும். மருந்து கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து, கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையிலிருப்பது இன்னும் நன்று; கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. குழந்தை சோர்ந்து போனால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்காதீர்கள். அவசர ஊர்திக்கு 108.

பிள்ளையை மடியில் வைத்து முன்னிருக்கையில் அமர்வது பாசமன்று, ஆபத்து. திடீரென வண்டி நின்றால் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்த வல்லதன்று. 14 வயதுக்குட்பட்டோருக்கு இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ வேண்டும் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகின்றது. வேனை அமர்த்தும்போதே பின்னிருக்கைகளில் பட்டை உண்டா என்று கேட்டுவிடுங்கள். பூட்டிய வண்டிக்குள் பிள்ளையை ஐந்து நிமிடங்கூட விட்டுச்செல்லாதீர்கள்; வெயிலில் அது அடுப்பாகிவிடும்.

பெயர் சொல்லி எண்ணுங்கள்

புறப்படுமுன், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பெரியவர் பொறுப்பு என்று பெயர் குறித்துவிடுங்கள். இறங்கும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை எண்ணுங்கள். தலையை எண்ணினால் தவறும். பெயரைச் சொல்லி அழைத்து, பிள்ளை வாய்திறந்து பதில் சொல்ல வேண்டும். இரு வண்டியானால், பொறுப்பாளரிடம் சொல்லாமல் எந்தப் பிள்ளையும் வண்டி மாறக் கூடாது. பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். தனித்துவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும், அலையக் கூடாது என்று கற்றுக்கொடுங்கள். குழந்தையைக் காணவில்லையெனில் காவல்துறைக்கும், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் உடனே தெரிவியுங்கள்.

அன்பார்ந்த பெற்றோரே, திரும்பி வந்தபின் எத்தனை ஊர் பார்த்தோம் என்பது சில நாளில் மறந்துபோகும். யாரும் விரட்டாத ஒரு காலைப்பொழுது பிள்ளைகளின் நினைவில் நிற்கும். அதற்காக இரண்டு ஊர்களை விட்டுக்கொடுப்பது பெரிதன்று.

அந்த இரண்டாம் பயணத்தில் பெயர் வாசிக்கும் வேலையை என் மகன் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேனின் படியில் நின்று, பாட்டி முதல் கைக்குழந்தைவரை ஒவ்வொருவரையும் அழைத்தான். இறுதியில் தன் பெயரையும் உரக்கச் சொல்லி, "இருக்கிறேன்" என்று தானே பதிலும் சொல்வான். அதன் பின்னரே வண்டி புறப்பட்டது.